மருந்து கேட்கிறதா? எம்.எஸ். நோய்ச் சிகிச்சையில் நரம்புத் தூண்டல் சோதனைகள் சொல்வதும் சொல்லாததும்

இருபத்தாறு வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலை எழுந்ததும் வலது கண் மங்கலாகத் தெரிகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சிவப்புத் துணி வெளுத்துப்போனது போல் தோன்றுகிறது. கண்ணாடிக் கடையில் பார்த்தால் பவர் எதுவும் மாறவில்லை என்கிறார்கள். கண் மருத்துவர் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புகிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை என்று அலைந்த பிறகு, "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்" என்று மருத்துவர் சொல்கிறார். தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்பார்கள். எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வதே வழக்கம்.

சிகிச்சை தொடங்குகிறது. ஆறு மாதம் ஆகிறது, ஒரு வருடம் ஆகிறது. பார்வை ஓரளவு திரும்பிவிட்டது, ஆனாலும் பழைய தெளிவு இல்லை. மதியத்துக்குப் பிறகு உடம்பு அசந்துவிடுகிறது. வீட்டில் எல்லோருடைய மனத்திலும் ஒரே கேள்வி: "இவ்வளவு செலவு பண்றோமே, மருந்து கேக்குதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேட மருத்துவர்களிடம் சில கருவிகள் உள்ளன. அவற்றில் ஒன்று நரம்புத் தூண்டல் சோதனை. கண்ணுக்கோ காதுக்கோ கைக்கோ ஒரு சிறு தூண்டலைக் கொடுத்து, அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதுதான் இது. கத்தி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் வரும் எண்களைத் தவறாகப் புரிந்துகொண்டு, நன்றாக வேலை செய்யும் மருந்தை நிறுத்திவிட்ட குடும்பம் எவ்வளவு பெரிய இழப்பைச் சந்திக்கும்! அதனால் இந்தச் சோதனையை விளங்கிக்கொள்வது நல்லது.

உறை உரிந்த கம்பி

நம் உடம்பில் நரம்பு இழைகள் மின்கம்பிகளைப் போல வேலை செய்கின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள பல இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கம்பியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையோடு இதை ஒப்பிடுவார்கள். ஆனால் மயலின் அதைவிடக் கூடுதலாக ஒரு வேலை செய்கிறது. அது தொடர்ச்சியாக இல்லாமல் சிறு சிறு இடைவெளி விட்டு அமைந்திருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ரான்வியே 1870களில் இந்த இடைவெளிகளை விவரித்தார். நரம்புச் செய்தி ஒரு இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவிப் போகிறது. அதனால்தான் உறையுள்ள தடித்த இழைகளில் செய்தி விநாடிக்கு சுமார் 100 மீட்டர் வரை ஓடுகிறது. உறையே இல்லாத மெல்லிய இழைகளில் அது விநாடிக்கு ஓரிரு மீட்டர்தான்.

எம்.எஸ். நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் திசைமாறி இந்த மயலின் உறையைத் தாக்குகிறது. தாக்கப்பட்ட இடத்தில் உறை உரிகிறது. பிறகு தழும்பு விழுகிறது. பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ என்ற மருத்துவர், 1868ஆம் ஆண்டிலேயே இந்தத் தழும்புகளை நோயாளிகளின் அறிகுறிகளோடு இணைத்துக் காட்டி, இதைத் தனி நோயாக நிறுவினார்.

உறை உரிந்த இடத்தில் மூன்று விதமான கோளாறு வரலாம். செய்தி மெதுவாகப் போகலாம். பாதி வழியில் நின்றுபோகலாம். உள்ளே இருக்கும் இழையே அறுந்துபோனால் செய்தி ஒருபோதும் போகாது. முதல் இரண்டும் சரியாக வாய்ப்பு உண்டு. மூன்றாவது திரும்பாது. எம்.எஸ். சிகிச்சையை ஆரம்பத்திலேயே தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதன் காரணம் இதுதான்.

தலையில் ஒட்டும் கம்பிகளால் எப்படி அளக்கிறார்கள்?

கண்ணில் ஒளி பட்டதும் மூளையில் எழும் மின்னலை மிகச் சிறியது. மூளையில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற மின்னலைகளின் இரைச்சலில் அது மூழ்கிவிடும். சந்தை இரைச்சலில் ஒருவர் மெதுவாகப் பேசுவதைக் கேட்பது போன்ற சிக்கல் இது.

லண்டன் குயின் ஸ்கொயரில் உள்ள தேசிய நரம்பியல் மருத்துவமனையில் ஜார்ஜ் டாசன் என்ற ஆய்வாளர் இதற்கு வழி கண்டார். ஒரே தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் பதிவாகும் அலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். 1947இல் புகைப்படங்களை அடுக்கிச் செய்த இதை, 1950களின் தொடக்கத்தில் சராசரி எடுக்கும் இயந்திரமாகவே உருவாக்கினார். மற்ற இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருவதால் சராசரியில் கரைந்துவிடும். தூண்டலுக்கான பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் வருவதால் தனியே எழுந்து நிற்கும். இன்றைய கணினிக் கருவிகளும் இதே கணக்கைத்தான் செய்கின்றன.

அதே மருத்துவமனையில் 1972இல் ஹாலிடே, மெக்டொனால்ட், முஷின் ஆகிய மூவர் பார்வை நரம்பு அழற்சி வந்த நோயாளிகளைச் சதுரங்கக் கட்டம் போன்ற திரையைப் பார்க்க வைத்தார்கள். கறுப்புக் கட்டம் வெள்ளையாகவும், வெள்ளைக் கட்டம் கறுப்பாகவும் மாறி மாறி வரும். பாதிக்கப்பட்ட கண்ணிலிருந்து பின்மூளைக்குப் போகும் செய்தி சராசரியாக 30 மில்லி விநாடிக்கு மேல் தாமதமாவதைக் கண்டார்கள். ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் மில்லி விநாடி. அடுத்த ஆண்டு எம்.எஸ். நோயாளிகளைச் சோதித்தபோது, கண் பிரச்சினை வந்ததாக நினைவே இல்லாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது. நோயாளியே உணராத பாதிப்பை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது.

நான்கு வகைச் சோதனைகள்

முதலாவது, பார்வைத் தூண்டல் சோதனை. மருத்துவமனைகளில் வி.இ.பி. என்பார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் திரையின் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டங்கள் விநாடிக்கு இரண்டு முறை அளவில் மாறும். தலையின் பின்பக்கம் ஒட்டிய மின்முனை பதிலைப் பதிவு செய்யும். ஆரோக்கியமான கண்ணில் முக்கிய அலை சுமார் 100 மில்லி விநாடியில் வரும். அதனால் அதன் பெயரே பி100.

இரண்டாவது, செவித் தூண்டல் சோதனை. காதில் 'டிக் டிக்' என்ற ஒலியைக் கொடுத்து, மூளைத்தண்டு வழியாகச் செய்தி போவதை அளப்பார்கள். இதில் முக்கியமான ஐந்து அலைகளும் சுமார் 6 மில்லி விநாடிக்குள் வந்துவிடும்.

மூன்றாவது, உணர்வு நரம்புத் தூண்டல் சோதனை. மணிக்கட்டிலோ கணுக்காலிலோ சிறிய மின்துடிப்பைக் கொடுப்பார்கள். விரல் லேசாகத் துடிக்கும். சுண்டிவிட்டது போல் இருக்கும். மணிக்கட்டிலிருந்து மூளைக்கு சுமார் 20 மில்லி விநாடி. கணுக்காலிலிருந்து சுமார் 40. தண்டுவடத்தில் பாதிப்பு இருந்தால் இங்கே தாமதம் தெரியும்.

நான்காவது, இயக்க நரம்புச் சோதனை. இது எதிர்த்திசையில் நடக்கிறது. தலைக்கு மேல் ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டி, கை கால் தசைக்குக் கட்டளை வந்து சேரும் நேரத்தை அளப்பார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் 1985இல் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், தலைக்குள் உலோகம் உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த வசதி எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் "நரம்பு டெஸ்ட்" என்றால் பெரும்பாலும் என்.சி.வி. என்ற சோதனையைத்தான் நினைக்கிறோம். சர்க்கரை நோயாளிகளுக்குக் கை கால் மரத்துப்போனால் எடுப்பது அது. அது உடம்பின் வெளி நரம்புகளை அளக்கிறது. எம்.எஸ். தாக்குவது மூளையையும் தண்டுவடத்தையும் கண் நரம்பையும். ஆகவே என்.சி.வி. நார்மல் என்று வந்ததால் எம்.எஸ். இல்லை என்று ஆகிவிடாது.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள்

வி.இ.பி. ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்களைக் கவனிப்பார்கள். ஒன்று நேரம்: அலை எத்தனை மில்லி விநாடியில் வந்தது? மற்றது உயரம்: அலை எவ்வளவு பெரியதாக இருந்தது?

நேரம் கூடியிருந்தால் பெரும்பாலும் உறை உரிந்திருக்கிறது என்று பொருள். உயரம் குறைந்திருந்தால் செய்தியைச் சுமக்கும் இழைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், அல்லது செய்தி வழியில் தடைபட்டிருக்கலாம். உறை மீண்டும் வளர்ந்தால் நேரம் குறைய வாய்ப்பு உண்டு. அறுந்த இழைகளால் போன உயரம் அப்படித் திரும்புவதில்லை.

பி100க்கு ஒவ்வொரு ஆய்வகமும் தன் கருவிக்கும் திரைக்கும் ஏற்ற எல்லை அளவை வைத்திருக்கும். ஓர் இடத்தில் நார்மல் என்று வருவது இன்னோர் இடத்தில் எல்லையைத் தாண்டியதாக வரலாம். இரு கண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசமும் முக்கியம். இரண்டும் எல்லைக்குள்ளேயே இருந்தாலும், ஒரு கண் மற்றதைவிடச் சுமார் 10 மில்லி விநாடி பின்தங்கினால் மருத்துவர் அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்வார்.

சிகிச்சையை எப்படிக் கண்காணிக்கிறது?

எம்.எஸ். மருந்துகள் செய்யும் வேலை என்ன என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சோதனையின் பயன் விளங்காது.

திடீரென நோய் தாக்கும்போது மெத்தில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மூன்று முதல் ஐந்து நாட்கள் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அது குணமாகும் வேகத்தைக் கூட்டும். அமெரிக்காவில் பார்வை நரம்பு அழற்சி நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 1992இல் வெளியானது. ஸ்டீராய்டு ஏற்றியவர்களுக்குப் பார்வை விரைவாகத் திரும்பினாலும், மாதங்கள் கழித்துப் பார்த்தால் ஏற்றாதவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அதில் தெரிந்தது.

நீண்ட காலம் எடுக்கும் மருந்துகள் வேறு. 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டர்ஃபெரான் பீட்டா ஊசியில் தொடங்கி, 2010இல் வந்த ஃபிங்கோலிமோட் மாத்திரை, 2017இல் வந்த ஆக்ரெலிசுமாப் வரை எல்லாமே புதிய தாக்குதலைத் தடுக்க வந்தவை. ஏற்கெனவே உரிந்த உறையை ஒட்டவைக்க வந்தவை அல்ல. வீட்டில் கூரை ஒழுகுகிறது என்றால் ஓட்டையை அடைப்பது ஒரு வேலை. நனைந்து கெட்ட சுவரைப் பூசுவது இன்னொரு வேலை. இன்று கையில் இருக்கும் மருந்துகள் ஓட்டையை அடைப்பவை.

ஆகவே சிகிச்சை தொடங்கி ஒரு வருடம் கழித்து வி.இ.பி. எடுத்தால், முன்பு 128 மில்லி விநாடி இருந்தது இப்போதும் 127 அல்லது 128 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஒரு வருஷ மருந்துக்கு எந்த முன்னேற்றமும் இல்லையே" என்று குடும்பம் மனம் உடைந்துபோகும். மருத்துவரோ மகிழ்ச்சியாக இருப்பார். புதிய பாதிப்பு சேரவில்லை என்பதே அந்த மருந்தின் வெற்றி. எண் அப்படியே நிற்பது நல்ல செய்தி.

அதே நேரத்தில், நன்றாக இருந்த மற்றக் கண்ணில் 102 இருந்தது 120 ஆகிவிட்டால், அந்தக் கண்ணில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். அப்போது மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். மருந்தை மாற்ற வேண்டுமா என்று யோசிப்பார்.

எண் தானாகவே குறைவதும் உண்டு. பார்வை நரம்பு அழற்சி வந்த பிறகு பார்வை சில வாரங்களில் திரும்பினாலும், பி100இன் தாமதம் மாதக்கணக்கில், இரண்டு ஆண்டுகள் வரைகூட, மெல்ல மெல்லக் குறையலாம். உடம்பு தானே ஓரளவு உறையைப் புதுப்பித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். எனவே தாக்குதல் வந்து சில மாதங்களில் ஏதாவது மருந்தோ லேகியமோ சாப்பிட்டு எண் குறைந்தால், அது அந்த மருந்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. "எம்.எஸ்.ஸை வேரோடு குணமாக்குகிறோம், ரிப்போர்ட்டையே பாருங்கள்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஏமாறாமல் இருக்க இந்த ஒரு விவரம் போதும்.

ஸ்கேன் இருக்க, இது எதற்கு?

மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதில் இன்று முதலிடம் எம்.ஆர்.ஐ.க்குத்தான். புதிய தழும்புகள் விழுந்திருக்கின்றனவா என்று அது நேரடியாகக் காட்டும். நரம்புத் தூண்டல் சோதனை அதற்கு மாற்று அல்ல, துணை.

ஸ்கேன் பாதையின் படத்தைக் காட்டுகிறது. தூண்டல் சோதனை அந்தப் பாதையில் போக்குவரத்து எப்படி ஓடுகிறது என்று காட்டுகிறது. ஸ்கேனில் பல தழும்புகள் இருந்தும் ஒருவர் நன்றாக நடமாடுவார். வேறொருவருக்கு ஸ்கேனில் கொஞ்சமே தெரியும், ஆனால் நடக்கச் சிரமப்படுவார். இந்தப் பொருத்தமின்மை நரம்பியல் மருத்துவர்களுக்குப் பழகிய ஒன்று. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பத் தூண்டல் சோதனைகள் உதவுகின்றன.

பார்வை, உணர்வு, இயக்கம் எனப் பல சோதனைகளையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறையை சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்களும், இத்தாலியிலும் மற்ற நாடுகளிலும் உள்ள குழுவினரும் ஆராய்ந்தார்கள். அந்த மதிப்பெண் நோயாளியின் இயலாமை அளவோடு ஒத்துப்போவதையும், வரும் ஆண்டுகளில் நோய் எப்படிப் போகும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்வதையும் கண்டார்கள். ஆனால் இது எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் செய்யப்படும் ஒன்றல்ல.

நோயை உறுதிப்படுத்துவதிலும் வி.இ.பி.க்கு மறுபடி மதிப்பு கூடியிருக்கிறது. எம்.எஸ். என்று முடிவு செய்ய உலகெங்கும் பயன்படும் மெக்டொனால்ட் விதிகள் 2024இல் திருத்தப்பட்டு 2025இல் வெளியாயின. அதில் கண் நரம்பும் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் பாதிப்பு இருப்பதைக் காட்ட ஏற்கும் சோதனைகளில் வி.இ.பி.யும் ஒன்று. விழித்திரையின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. இன்னொன்று. 1972இல் கட்டம்போட்ட திரையைக் காட்டிய அதே மெக்டொனால்ட் பெயரால்தான் இந்த விதிகள் அழைக்கப்படுகின்றன.

உறையைச் சரிசெய்யும் மருந்து வருமா?

உறை மீண்டும் வளர்ந்ததா என்பதை உயிருள்ள மனிதரிடம் அறிவது கடினம். மில்லி விநாடி கணக்கில் பேசும் வி.இ.பி.தான் ஆய்வாளர்களுக்கு இங்கே அளவுகோலானது.

2017இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிளெமாஸ்டின் என்பது அலர்ஜிக்கு எடுக்கும் பழைய மாத்திரை. அதை 50 எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்து வி.இ.பி. எடுத்தார்கள். ஒரு கண்ணுக்குச் சராசரியாக 1.7 மில்லி விநாடி தாமதம் குறைந்தது. மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் பழைய பாதிப்பில்கூட உறையைச் சரிசெய்ய வழி இருக்கலாம் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது. சோர்வு கூடியது அதன் பக்கவிளைவு.

கதை அங்கே முடியவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நடத்திய வேறோர் ஆய்வில், கிளெமாஸ்டின் எடுத்த சிலருக்கு இயலாமை எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கூடியதால் அந்தப் பகுதியையே நிறுத்த வேண்டியதாயிற்று. அலர்ஜி மாத்திரைதானே என்று யாரும் மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஒபிசினுமாப் என்ற ஊசி மருந்தும் இப்படித்தான். பார்வை நரம்பு அழற்சி நோயாளிகளிடம் வி.இ.பி. கணக்கில் சில நல்ல அறிகுறிகளைக் காட்டியது. பிறகு நடந்த பெரிய ஆய்வில் பலன் கிடைக்காததால் 2020இல் கைவிடப்பட்டது. சர்க்கரை நோய்க்கு நம் வீடுகளில் எடுக்கும் மெட்ஃபார்மினையும் கிளெமாஸ்டினையும் சேர்த்துக் கொடுத்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 70 பேரிடம் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2025இல் மருத்துவ மாநாட்டில் சொல்லப்பட்டது. வி.இ.பி.யில் சிறிய வித்தியாசம் தெரிந்தது. ஆனால் நோயாளிகள் உணரும்படியான முன்னேற்றம் தெரியவில்லை.

இந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆய்வாளர்கள் பல பேருடைய கண்களின் சராசரியை எடுத்து ஒன்றிரண்டு மில்லி விநாடி மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் மகளின் தனி ரிப்போர்ட்டில் எண் இரண்டு கூடினாலும் குறைந்தாலும் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. அதே நபருக்கு அடுத்த நாளே எடுத்தாலும் அந்த அளவு வித்தியாசம் வரும்.

எண் தவறாகப் பேசும் இடங்கள்

தாமதம் என்று வந்துவிட்டாலே எம்.எஸ். என்று பயப்பட வேண்டாம். வைட்டமின் பி12 குறைபாட்டிலும் பார்வை, உணர்வு நரம்புச் சோதனைகளில் தாமதம் வரும். கண்புரை, கண் அழுத்த நோய், கண்ணாடி போடாமல் சோதனைக்கு உட்கார்வது ஆகியவையும் வி.இ.பி.யைக் கெடுக்கும். சர்க்கரை நோயால் கால் நரம்பு பாதித்திருந்தால் கணுக்கால் சோதனையில் தாமதம் வரும். தூக்கக் கலக்கத்தில் திரையைச் சரியாகப் பார்க்காவிட்டாலும் அலை சிதையும்.

இன்னொரு முக்கியமான நோய், நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா. இதுவும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும், எம்.எஸ். போலவே தோன்றும். ஆனால் சிகிச்சை வேறு. இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்ற சில எம்.எஸ். மருந்துகள் இந்த நோயை மோசமாக்கிவிடும். தூண்டல் சோதனையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அக்வாபோரின்-4 எதிர்ப்பான் என்ற ரத்தப் பரிசோதனை இதற்கு உதவும். உங்கள் வீட்டில் அது எடுக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பமும் ஒரு காரணம். உடல் சூடு அரை டிகிரி கூடினாலே உறை உரிந்த நரம்பில் செய்தி தடைபடலாம். வெயிலில் நடந்தாலோ உடற்பயிற்சி செய்தாலோ கண் மங்கி, குளிர்ந்ததும் சரியாகிவிடும். ஜெர்மன் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890இல் இதைக் கவனித்து எழுதினார். வளைகுடா வெயிலிலும் நம் ஊர்க் கோடையிலும் எம்.எஸ். உள்ளவர்கள் துவண்டுபோவது இதனால்தான். இது புதிய தாக்குதல் அல்ல. மருந்து தோற்றுவிட்டது என்பதும் அல்ல. காய்ச்சல் இருக்கும்போது சோதனைக்குப் போகாமல், குணமான பிறகு போவது நல்லது.

சோதனைக்குப் போகும் முன்

முதல் நாளே தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் மின்முனை ஒட்டாது. கண்ணாடி அணிபவர்கள் அதைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் சொட்டு மருந்து போட்டுப் பாவையை விரிக்கும் பரிசோதனையை அதே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள். ரமளானில் சோதனை வந்தால், தூக்கமும் களைப்பும் இல்லாத காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை ரமளானுக்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

தலையில் மின்முனை ஒட்டுவதால் பெண்கள் தலைத்துணியை எடுக்க வேண்டியிருக்கும். பெண் ஊழியர் வேண்டும் என்று நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். உம்மாவோ சகோதரியோ உடனிருக்க அனுமதி கேட்கலாம். வி.இ.பி. சோதனை அரை மணி நேரம் அளவில் முடிந்துவிடும். நான்கையும் எடுத்தால் கூடுதல் நேரமாகும்.

முடிந்தவரை ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். கருவியும் திரையும் மாறினால் எண்ணும் மாறும், ஒப்பிட முடியாது. வெறும் "நார்மல்", "அப்நார்மல்" என்ற சொல்லோடு விடாமல், மில்லி விநாடி எண்களும் அலைப் படமும் உள்ள தாளைக் கேட்டு வாங்கி ஃபைலில் தேதி வாரியாக வையுங்கள். சிகிச்சை தொடங்கும் நேரத்தில் எடுத்த முதல் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு அதிகம். பின்னால் வரும் எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடப் போகிறார்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வித்தியாசம் உண்மையான மாற்றமா, வழக்கமாக வரும் ஏற்ற இறக்கமா? ஸ்கேனும் இதே செய்தியைத்தான் சொல்கிறதா? இந்த ரிப்போர்ட்டால் சிகிச்சையில் ஏதாவது மாறப் போகிறதா?

வீட்டில் இருப்பவர்களுக்கு

எம்.எஸ். உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இந்தியாவில் குறைவு. அதனாலேயே நம்மிடையே இதைப் பற்றிய அறிவும் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது கல்யாணம், பிள்ளைப்பேறு, வேலை என்று வாழ்க்கை தொடங்கும் காலத்தில் வருகிறது.

வெளியே பார்க்க நன்றாக இருக்கும் மருமகள் மதியம் எழ முடியவில்லை என்றால் "சோம்பேறி" என்கிறோம். கண் மங்குகிறது, கால் மரக்கிறது என்றால் "மனப்பிரமை" என்கிறோம். சிலர் ஜின் கோளாறு என்று சொல்லி மாதக்கணக்கில் ஊர் ஊராக அழைத்துப் போகிறார்கள். துஆ கேட்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் உறை உரிந்த இழைகள் அறுந்துகொண்டிருக்கக் கூடும். அவை திரும்பி வராது.

இந்தச் சோதனையால் களைப்பை அளக்க முடியாது. வலியை அளக்க முடியாது. ரிப்போர்ட் நார்மலாக வந்ததால் அவர் சொல்வது பொய் என்றும் ஆகாது. ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி தாமதமாகப் போகிறது என்று காகிதத்தில் எழுதி வரும்போது, இத்தனை நாள் நம்பாத வீட்டுக்காரர்கள் நம்புகிறார்கள். நோயாளியின் மனப்பாரம் அன்றைக்குப் பாதி குறைந்துவிடுகிறது.

அடுத்த முறை ரிப்போர்ட் வாங்கும்போது எண் குறையவில்லையே என்று வருந்த வேண்டாம். சென்ற வருடத் தாளை எடுத்து அருகில் வைத்துப் பாருங்கள். அதே எண்தான் இருக்கிறதா? அப்படியானால் மருந்து கேட்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். ஸ்கேனும் அதையே சொல்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தாமல் தொடருங்கள்.